சிக்னல் சென்சாரும் சைக்கிளும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மருதன், சான் ஹோசே:
விடியற்காலை, இடப்புறம் திரும்பும் தடம், வண்டி வந்து நிற்பதை உணரத் தாருக்குள் கம்பிச்சுருள் பதித்த சிக்னல். எதிர்த்திசைக்குப் பச்சை, குறுக்குச் சாலைக்குப் பச்சை, என் அம்புக்குறி மட்டும் சிவப்பு. சுற்றுக்குப் பின் சுற்று இதே கதைதான். பின்னால் ஒரு கார் வந்து நின்றது. உடனே பச்சை! அந்த நொடியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கலிபோர்னியாவில் 2007-இல் நிறைவேறிய சட்டப்படி, புதிதாக வைக்கும் சென்சாரும் மாற்றி வைக்கும் சென்சாரும் சைக்கிளை உணர வேண்டும். பழையவற்றுக்கு யார் பொறுப்பு?

கதிர்வேல்:
எனக்கும் ஒருமுறை கொட்டும் மழையில் இதே நிலைமை. மருதன், தடத்தின் நடுவில் நின்றிருப்பீர்கள். சுருள் உணர்வது எடையை அல்ல, உலோகத்தை. தாரை அறுத்துப் பூசிய கோடு கண்ணுக்குத் தெரியும். செவ்வகச் சுருள் என்றால் ஓரக் கோட்டின் மேலேயே இரண்டு சக்கரங்களையும் வையுங்கள். அலுமினிய ரிம் போதும். கார்பன் ரிம் என்றால் சிரமம். சாலையில் சைக்கிள் சின்னம் வரைந்திருந்தால் அதன் மேல் நில்லுங்கள். நகராட்சிக்கும் எழுதுங்கள், உணர்திறனைக் கூட்டித் தருவார்கள்.

தேன்மொழி:
கதிர்வேல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இயந்திரத்தின் கண்ணில் படுவதற்கு நாம் ஏன் கோடு தேடி நிற்க வேண்டும்? சுற்றியுள்ளவற்றைக் கார் எப்படி உணர்கிறது என்று காட்டும் திரை அண்ணன் காரில் உண்டு; அதில் பார்த்தேன்: முன்னால் போன சைக்கிள்காரர் ஒரு கணம் மோட்டார் சைக்கிள், மறுகணம் நடந்து போகும் ஆள், அப்புறம் வெற்றிடம். கண்ணாடிக்கு வெளியே அவருடைய சிவப்புச் சட்டை பளிச்சென்று தெரிகிறது! 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். சைக்கிளைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்ணை, ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதுவதற்கு 5.6 நொடிக்கு முன்பே கண்டுவிட்டது. வாகனம் என்றது, வேறேதோ என்றது, சைக்கிள் என்றது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்திலும் மனிதர் கடப்பார் என்பதை அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. அவர் உயிர் போய்விட்டது.

சிங்கை வாசுகி:
தேன்மொழி, உங்கள் கோபம் நியாயம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இங்கே சிங்கப்பூரில் 2009 முதல் சில கடவைகளில், முதியோர் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை மனிதன் 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக நிற்கும். முழங்கால் வலியோடு பாதிச் சாலையில் நின்ற அம்மா, எண் இன்னும் ஓடுவதைப் பார்த்து என் கையை விட்டுவிட்டுத் தனியாக நடந்தார். அடுத்த சந்திப்பில் அந்த வசதி கிடையாது. மருத்துவரிடம் போக அதுதான் குறுக்குவழி, ஆனாலும் சுற்றித்தான் போகிறோம்.