எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பெயரில் தம்பிக்கு வந்த வேலை ஆர்டர் உண்மையா? 4,850 ரூபாய் கட்டிவிட்டோம்

கேள்வி:
வணக்கம். தம்பி உணவுத் தொழில்நுட்பத்தில் டிகிரி முடிச்சிட்டு ஒன்றரை வருஷமா வேலை தேடுறான். போன வாரம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பெயரில் மெயிலில் நியமன ஆணை வந்தது. சிங்க முத்திரை, டில்லி அதிகாரி கையெழுத்து, க்யூ.ஆர். கோடு எல்லாம் இருக்கு. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பதவி, எங்க மாவட்டத்திலேயே போஸ்டிங். சான்றிதழ் சரிபார்ப்புக்குன்னு 4,850 ரூபாய் கேட்டாங்க. நேத்து ராத்திரி யு.பி.ஐ.யில் அனுப்பிட்டான். இன்னைக்கு, "பயிற்சி டெபாசிட் 18,500 ரூபாய், ரெண்டு நாள்ல கட்டலேன்னா ஆர்டர் ரத்து"ன்னு வாட்ஸப்பில் வருது. பணம் போனது ஒரு தனியாள் பெயருக்கு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயித்தைக் கலக்குது. ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் கொடுத்தாச்சு. அப்பா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டார். மோசடின்னு சொன்னா தம்பி கோபப்படுறான். என்ன செய்யறது?

பதில் 1:
மோசடிதான். இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீங்க. முதல்ல சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடுங்க, மத்ததை அப்புறம் படிக்கலாம். வந்த பணத்தைக் கணக்கு மாத்தி மாத்தி அனுப்பி ஏ.டி.எம்.ல எடுத்துடுவாங்க. அதுக்குள்ள புகார் போனாத்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு. 12 இலக்க யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைக் கையில் வச்சுக்கிட்டுப் பேசுங்க. பேங்க்லயும் சொல்லிடுங்க.

பதில் 2:
நான் ஒரு உணவு ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். தம்பிகிட்ட இதைக் காட்டுங்க. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 37வது பிரிவுப்படி, உணவுப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கிறவர் மாநிலத்தோட உணவுப் பாதுகாப்பு ஆணையர். கடைக்கு வந்து மாதிரி எடுக்கிற அலுவலர் மாநில அரசு ஊழியர். டில்லி கையெழுத்தோட உங்க மாவட்டத்துக்கு அந்த ஆர்டர் வர வழியே இல்லை. தம்பி எந்த அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிச்சார், எப்போ தேர்வு எழுதினார்?

கேள்வி கேட்டவர்:
தேர்வே எழுதலைங்க. வேலைவாய்ப்புத் தளத்தில் அவன் போட்ட பயோடேட்டாவைப் பார்த்து "நேரடித் தேர்வு"ன்னு சொன்னாங்களாம். 37வது பிரிவைக் காட்டினதும் ரொம்ப நேரம் பேசாம உட்கார்ந்திருந்தான். 1930 மூணாவது தடவை கிடைச்சது, புகார் எண்ணும் வந்திருச்சு. ஆனா லெட்டரில் இருக்கிற இணைய முகவரியில் 'கவ்', 'இன்' ரெண்டும் இருக்கே?

பதில் 3:
டொமைன் பெயரை வலது கோடியிலிருந்து படிங்க. அரசுத் தளம் 'டாட் கவ் டாட் இன்' அல்லது 'டாட் நிக் டாட் இன்'னு முடியும். நடுவில் 'கவ்' போட்டு, கடைசியில் 'டாட் காம்'னு முடியற முகவரியை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். க்யூ.ஆர். கோடும் அவங்க போலித் தளத்துக்கே கூட்டிட்டுப் போய் "சரிபார்க்கப்பட்டது"ன்னு காட்டும். இனி அதை ஸ்கேன் பண்ணாதீங்க.

பதில் 1:
1930ல சொன்னதோட விடாம, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் அந்த லெட்டரையும் சேர்த்துப் புகாரை முழுசாப் பதிவு பண்ணுங்க. ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க. மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்தில் தம்பி பெயரில் வேற சிம் இருக்கான்னு பாருங்க. பாஸ்புக் விவரம் போயிருக்கு, அதனால தெரியாத பணம் கணக்கில் விழுந்தா யார் கேட்டாலும் திருப்பி அனுப்பாம பேங்க்ல சொல்லுங்க. இன்னொண்ணு: "போன பணத்தை மீட்டுத் தர்றோம்"னு யாராவது கூப்பிட்டுக் கட்டணம் கேட்டா, அதுவும் மோசடி. ஏமாந்தவங்களைத் தேடித்தான் அந்த போன் வரும்.

கேள்வி கேட்டவர்:
எல்லாம் பண்றோம். வாட்ஸப்பில் அவங்களைத் திட்டி அனுப்பட்டுமான்னு தம்பி கேட்கிறான்.

பதில் 2:
வேண்டாம். புகார் கொடுத்ததையும் சொல்லாதீங்க. சாட், நம்பர், மெயில் எதையும் அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு பிளாக் பண்ணுங்க. தம்பியைத் திட்டாதீங்க, ஒன்றரை வருஷம் காத்திருந்தவர். அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க, தம்பி வாயால சொல்ல வைக்காதீங்க. தமிழ்நாட்டில் இதே பதவிக்கு 2021ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் (எம்.ஆர்.பி.) மூலமா அறிவிப்பு வந்தது. உணவுத் தொழில்நுட்ப டிகிரி அதுக்குத் தகுதியான படிப்புதான். எம்.ஆர்.பி. இணையதளத்தை அவரைப் பார்த்துட்டே இருக்கச் சொல்லுங்க.