புதுப்பிப்பு: துருவுக்குக் காரணம் கைப்பிடிதான்

பழைய அமெரிக்க மடக்குக் கத்திகள் மூன்றை ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன், எண்ணெய் போட்டும் துருப்பிடிக்கின்றன, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. அவற்றில் ஒன்றில் இருக்கும், நான் அழகு என்று மெச்சிய ஆமையோட்டு நிறக் கைப்பிடிதான் குற்றவாளி. அது செல்லுலாய்டு என்ற பழைய காலப் பிளாஸ்டிக், நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்துச் செய்வது. வயதானால் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். ஈரம் பட்டால் அது அமிலம். மூடிய பெட்டி என்பதால் பக்கத்துக் கத்திகளும் மாட்டிக்கொண்டன. திறந்ததும் அடித்த கற்பூர வாசனையைப் பழமையின் மணம் என்று ரசித்தேன் வேறு!

இப்போது அதைத் தனியே, காற்றோட்டமாக வைத்திருக்கிறேன். எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்படிப் பக்கம் இல்லை.

அப்புறம், செயற்கைக் கைப்பிடி என்றாலே மோசம் என்று முன்பு எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எலும்பு என்று நம்பிய மற்ற இரண்டு கைப்பிடிகளில் ஒன்று டெல்ரின் என்ற பிளாஸ்டிக். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எலும்பின் ஓரத்தில் நுண்துளைகள் தெரிகின்றன, இதில் ஒன்றுமில்லை. டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய இந்தப் பிளாஸ்டிக் 1960களில் கத்திகளுக்கு வந்தது. எலும்பைப் போல லேசில் விரிசல் விடாது. ஆனாலும் கைக்கு இதமாக இருப்பது மூன்றாவது கத்தியின் மாட்டெலும்புதான்.