புராஸ்டேட்டுக்கு நம் ஊரில் என்ன பெயர்?

வணக்கம். ஒரு சொல்லைப் பற்றி உங்கள் உதவி வேண்டும்.

அப்பாவுக்கு வயது 71. இரவில் நான்கைந்து முறை எழுந்து போகிறார். ஸ்கேன் பார்த்துவிட்டு, புராஸ்டேட் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "அது என்ன உறுப்பு?" என்று வீட்டுக்கு வந்து அப்பா கேட்டார். சுக்கிலச் சுரப்பி என்று சொன்னேன். சுக்கிலம் என்றால் விந்து அல்லவா, அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏதோ வெட்கப்பட வேண்டிய நோய் என்று நினைத்துவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, அக்ரூட் (வால்நட்) கொட்டை அளவில் இருக்கும் சுரப்பி அது. வயதானால் பெருத்துக் குழாயை நெருக்கும், அவ்வளவுதான். பெயரின் வேர் கிரேக்கம்: 'புரோஸ்டாடேஸ்', அதாவது முன்னால் நிற்பவன், காவலன். சிறுநீர்ப்பையின் வாசலில் நிற்பதால் அப்படி. 1600இல் பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஆந்த்ரே டு லாரன் இதை இலத்தீனில் பன்மையாக எழுதினார். அப்போது இரண்டு சுரப்பிகள் என்றே எண்ணினார்கள்.

முன்னிற்கும் சுரப்பி என்றும் தமிழில் எழுதுகிறார்கள். கிரேக்கப் பொருளுக்கு நேரான, அழகான சொல். அப்பாவுக்கும் பிடித்தது.

என் கேள்வி இதுதான். நீரடைப்பு, நீர்க்கடுப்பு என்று நோய்க்குப் பெயர் இருக்கிறது. இந்த உறுப்புக்கென்று உங்கள் ஊர்ப் பெரியவர்களோ சித்த வைத்தியர்களோ தனிப்பெயர் சொல்லிக் கேட்டதுண்டா? எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்னிற்கும் சுரப்பி என்ற சொல்லை முதலில் எந்த நூலில் பார்த்தீர்கள் என்றாலும் சொல்லுங்கள்.