டைல்ஸ் இடுக்கு கறுத்துப்போச்சு, ஆசிட் ஊத்தின பிறகு இன்னும் மோசம். என்ன செய்யலாம்?

கேள்வி

ஹாலிலும் சமையலறையிலும் 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ். இடுக்கு 3 மி.மீ., அதை நிரப்பியிருக்கிறது சிமென்ட் கிரவுட் (இடுக்கை அடைக்கிற கலவை). போட்டப்போ வெளிர் சாம்பல் நிறம், சோபாவுக்கு அடியில் இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆள் நடக்கிற தடத்திலும் அடுப்பு முன்னாடியும் கரிக்கோடு இழுத்த மாதிரி ஆயிடுச்சு. சமையல் சோடாவில் வினிகர் கலந்து தேய்ச்சேன், நுரை வந்ததோட சரி. பிறகு ஆசிட் ஊத்தினேன். பளிச்சுன்னு வெளுத்து, பத்தே நாளில் முன்னைவிடக் கறுத்துடுச்சு. பாத்ரூம் வாசல் பக்கம் உப்பு மாதிரி வெள்ளையாப் பூத்திருக்கு. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு எபாக்ஸி (பிசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும் கலந்த கிரவுட்) போடச் சொல்றாங்க. அது அவசியமா?

பதில் 1

எல்லாத்தையும் எடுக்க வேண்டாம். முதலில் ஆசிட்டை நிறுத்துங்க. கிரவுட்டில் மணலைப் பிடிச்சு வைக்கிறது சிமென்ட். ஆசிட் அழுக்கைக் கழுவலை, அந்தச் சிமென்ட்டின் மேல் தோலையே கரைச்சு எடுத்துடுச்சு. அடியில் புதுசாத் தெரிஞ்ச பகுதிதான் வெள்ளையா இருந்தது. தோல் போனதும் நுண்துளைகள் வாயைத் திறந்துடும், மாப் தண்ணி நேரா உள்ளே இறங்கும். பத்து நாளில் கறுத்ததுக்குக் காரணம் அதுதான்.

சோடாவும் வினிகரும் ஒன்னை ஒன்னு முறிச்சுக்கும். நுரை அடங்கினதும் மிஞ்சுறது லேசான உப்புத் தண்ணிதான்.

இன்னொன்னு, உயிர் போற விஷயம்: ஆசிட் ஊத்தின இடத்தில் பிளீச்சிங் பவுடரோ திரவ பிளீச்சோ போடவே போடாதீங்க. குளோரின் வாயு கிளம்பும்.

இப்போ ரெண்டு சோதனை செஞ்சு பாருங்க. இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உடனே உறிஞ்சி அந்த இடம் கருமையானா, சீலர், அதாவது தண்ணி உள்ளே இறங்காம இருக்கத் தடவுற திரவம், இல்லைன்னு அர்த்தம். அடுத்து ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாக் கீறுங்க. கோடு மட்டும் விழுந்தா கிரவுட் உயிரோட இருக்கு, சுத்தம் செஞ்சாப் போதும். மணல் மணலா உதிர்ந்தா அந்த இடத்தை மட்டும் மாத்தணும்.

கேட்டவர்

தண்ணி ரெண்டே நொடியில் இறங்கிடுச்சு. ஹாலில் எங்கேயும் உதிரலை. அடுப்பு முன்னாடி ஒரு மூணு அடி நீளத்துக்கு உதிருது, ஆசிட் அதிகம் ஊத்தினது அங்கேதான். ஹாலுக்கு எதைப் போட்டுத் தேய்க்கிறது?

பதில் 1

சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் பிளீச் என்ற பெயரில் தூளாக் கிடைக்கும். கை பொறுக்கிற சூட்டில் 1 லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி. அன்னைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்க, சில மணி நேரத்தில் வீரியம் போயிடும். மூடின பாட்டிலில் வைக்காதீங்க, வாயு சேர்ந்து வெடிச்சிடும். கையுறை கட்டாயம்.

ஆசிட் மிச்சம் இல்லாம முதலில் தரையை நல்லாக் கழுவிடுங்க. பிறகு நாலைந்து டைல் அளவுக்கு மட்டும், இடுக்கு நிரம்பி நிற்கிற மாதிரி கரைசலை ஊத்தி 20 நிமிஷம் விடுங்க. காய்ஞ்சா வேலை செய்யாது, நடுவில் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க. அப்புறம் ஒடுக்கமான நைலான் பிரஷ்ஷால் இடுக்கின் நீளவாக்கில் தேய்க்கணும். கம்பி பிரஷ் வேண்டாம், உடைஞ்ச கம்பித் துணுக்கு உள்ளே தங்கித் துருக்கறை ஆயிடும்.

நிறைய பேர் கோட்டை விடுறது இதுக்கு அடுத்த கட்டத்தில். பிரஷ் அழுக்கைக் கிளப்பி விடுது, அவ்வளவுதான். இடுக்கு டைலைவிடத் தாழ்வு, அதனால கறுப்புத் தண்ணி திரும்ப அங்கேதான் போய் உட்காரும். வைப்பரால் தள்ளினாலும் அதே கதைதான். ஈரம் உறிஞ்சுற வேக்குவம் இருந்தா நல்லது. இல்லைன்னா பழைய டவலை இடுக்கு மேல அழுத்தி ஒத்தி எடுங்க. பிறகு நல்ல தண்ணி ஊத்தி மறுபடி ஒத்துங்க, இப்படி ரெண்டு தடவை.

ஈரத்தில் எல்லா கிரவுட்டும் கருமையாத்தான் தெரியும். மறுநாள் காய்ஞ்சதும் பார்த்து முடிவு செய்யுங்க.

பதில் 2

வாசலில் பூத்திருக்கிறது அழுக்கில்லை. அடியிலிருந்து ஏறுகிற ஈரம், சிமென்ட்டில் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவந்து விட்டுக் காய்கிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பாத்ரூம் பக்கம் எங்கே கசிகிறது என்று பார்த்து அடைக்காதவரை அது திரும்பத் திரும்ப வரும். அதுவரை அந்த இடத்தில் சீலர் பூச வேண்டாம்.

உதிர்கிற மூன்று அடிக்குக் கையால் சுரண்டும் கிரவுட் ரம்பமே போதும். ஆங்கிள் கிரைண்டர் ஒரு நொடி பிசகினாலும் டைல் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். டைல் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் எடுங்கள்: 9 மி.மீ. டைல் என்றால் 6 மி.மீ. மேலாகச் சுரண்டிவிட்டுப் பூசினால் புதியது தகடாக உரிந்து வரும். தூசியில் சிலிக்கா இருக்கும், முகக்கவசம் போடுங்கள்.

எண்ணெய் தெறிக்கிற இடம் என்பதால் அங்கே மட்டும் எபாக்ஸி போடுவதில் அர்த்தம் இருக்கிறது. இடுக்கு முழுதும் காய்ந்திருக்க வேண்டும். பிசினையும் ஹார்டனரையும் பேக்கில் சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். கண்ணளவு தவறினால் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டைல் மேல் படிந்ததை அன்றே துடைக்க வேண்டும், மறுநாள் வரை விட்டால் எடுப்பது பெரும்பாடு.

சிமென்ட் கிரவுட்டே போதும் என்றால், பையில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. துடைக்கும் ஸ்பாஞ்சையும் நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள். தண்ணீர் கூடினால் நிறம் திட்டுத்திட்டாகும், பலமும் போகும்.

கேட்டவர்

ஹால் முடிஞ்சது. சோபாவுக்கு அடியில் இருக்கிற நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சு. சிங்க் முன்னாடி ரெண்டு வரி மட்டும் மஞ்சளாவே நிற்குது. சீலர் எப்போ?

பதில் 1

மஞ்சள் எண்ணெயா இருக்கும், பெர்கார்பனேட் மட்டும் பத்தாது. பாத்திரம் கழுவுற திரவத்தை வெந்நீரில் கலந்து ஒரு தடவை தேய்ங்க. பிறகு சமையல் சோடாவைத் தண்ணியில் கெட்டியாக் குழைச்சு இடுக்கு மேல அப்பி, பாலிதீனால் மூடி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் பாலிதீனை எடுத்துக் காய விட்டுச் சுரண்டுங்க. காயும்போதுதான் கறையை மேலே இழுக்கும்.

சீலர் போடுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 48 மணி நேரம் காயணும். ஈரத்து மேல போட்டா உள்ளே இறங்காது. சிலேன், சிலாக்சேன் வகை, அதாவது ஊடுருவுற சீலர் வாங்குங்க. சின்ன பிரஷ்ஷால் இடுக்கில் மட்டும் தடவி, டைல் மேல பட்டதை 5 நிமிஷத்துக்குள்ள துடைச்சிடுங்க, இல்லைன்னா மங்கலா படலம் கட்டும். எபாக்ஸி போட்ட இடத்துக்குத் தேவையில்லை. சீலர் போட்டாலும் சிந்தின எண்ணெயை உடனே துடைக்கணும், அதுக்கு அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் திரும்பவும் அந்தச் சொட்டுத் தண்ணி சோதனை. முத்து மாதிரி நின்னா சரி. உறிஞ்சுற இடத்துக்கு மட்டும் இன்னொரு கை தடவுங்க. ஆசிட் பட்ட இடங்கள் அதிகம் குடிக்கும், அங்கே ரெண்டாவது கை கண்டிப்பா வேண்டியிருக்கும்.