புதுப்பிப்பு: ஜெமினி 5 தையல் பேட்ச், பழையதா பின்னால் வந்ததா?

பழைய பெட்டி ஒன்றில் வாங்கிய ஜெமினி 5 பேட்ச் (நாசாவின் அந்த விண்வெளிப் பயணத்துக்கான, உடையில் தைக்கும் சின்னம்) பயணம் நடந்த 1965-ஆம் ஆண்டினதுதானா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது, அது பின்னாளைய நினைவுப்பொருள்.

முதலில் புற ஊதா விளக்கில் காட்டினேன், வெள்ளை நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது, பின்னாளைய நூலாக இருக்கலாம் என்பதற்கு அது ஒரு அறிகுறி. ஆனால் சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டியாலும் அப்படி ஒளிரலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியவில்லை. முடிவு சொன்னது "திருப்பிப் பாருங்கள்" என்ற யோசனைதான்: பின்பக்கம் முழுக்க வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சு, இது பின்னாளில் பரவலான வழக்கம்.

நான் எதிர்பார்க்காதது வேறு. கூண்டு வண்டிப் படத்தின் மேல் '8 டேஸ் ஆர் பஸ்ட்' (எட்டு நாள், இல்லையேல் தோல்வி) என்ற வாசகம் என் பேட்சில் பளிச்சென்று தெரிகிறது. ஜெமினி 5 வீரர்கள் கூப்பரும் கான்ராடும் பறந்தபோதோ அவர்கள் அணிந்த பேட்சில் அது துணியால் மூடப்பட்டிருந்தது. எட்டு நாள் முடியாமல் திரும்பினால் தோல்வி என்று பேசுவார்களே என்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புக்குக் கவலை. (கடைசியில் எட்டு நாளுக்கு ஒரு மணி நேரம்போலத்தான் குறைந்தது.)

அப்புறம் மெர்க்குரி (ஜெமினிக்கு முந்தைய நாசா விண்வெளித் திட்டம்) பேட்ச் தேடுகிறவர்களுக்கு: அந்த வீரர்கள் பயணப் பேட்ச் எதுவும் அணியவில்லை, விற்பனைக்கு வருபவை எல்லாம் பிறகு செய்தவை.