மூக்கு முனையில் முறியும் பி-வி வளைவு: என் நிரல் பிழையா?

வணக்கம். ஐஇஇஇ 14 பஸ் மாதிரியில் (14 இணைப்பு முனைகள், அதாவது பஸ்கள், கொண்ட சோதனை மின்வலையமைப்பு) மின்னழுத்த நிலைத்தன்மையைக் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். அடிப்படைச் சுமையான 259 மெகாவாட்டிலிருந்து ஏற்றிக்கொண்டே போனால், பி-வி வளைவின் (சுமை கூடும்போது மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம்) மூக்கு முனைக்கு, அதாவது உச்சச் சுமைப் புள்ளிக்கு, அருகில் நியூட்டன்-ராப்சன் (படிப்படியாக விடையை நெருங்கும் கணக்கீட்டு முறை) விடை தராமல் நின்றுவிடுகிறது. அங்கே அந்த முறையின் வகைக்கெழு அணியான ஜேக்கோபியன், நேர்மாறு இல்லாத பூச்சியக் கோவை அணியாகிவிடும், அதனால் அது புரிகிறது. சரி என்று, மூக்கைத் தாண்டியும் வளைவைத் தொடரக்கூடிய கன்டினியூவேஷன் பவர் ஃப்ளோ முறைக்கு மாறினேன்; வளைவின் கீழ்ப்பாதியும் அழகாக வந்தது.

சிக்கல் அப்புறம்தான். ஜெனரேட்டர்களின் ரியாக்டிவ் பவர் (மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் திறன் கூறு) வரம்பைச் சேர்த்ததும் தாங்குசுமை (வலையமைப்பு தாங்கும் உச்சச் சுமை) வெகுவாகக் குறைகிறது. குறைவது எதிர்பார்த்ததுதான். ஆனால் வளைவு மெல்ல வளையாமல் சட்டென முறிகிறது. இது வரம்பு எட்டியதால் வரும் உண்மையான சரிவா, வரம்பு எட்டியதும் பி-வி பஸ்ஸை (திறனும் மின்னழுத்தமும் நிலையாக வைத்த முனை) பி-கியூவாக (திறனும் ரியாக்டிவ் பவரும் நிலையாக வைத்த முனை) மாற்றும் என் நிரலில் பிழையா? எப்படிப் பிரித்தறிவது? சுமை முழுவதையும், மின்னழுத்தம் இறங்கினாலும் மாறாத் திறன் என்றே வைத்திருக்கிறேன் (கொஞ்சம் கடுமையான அனுமானம்தான்). இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.