டெஸ்ட் ரைடு போனப்ப நடந்தது, இன்னும் மனசுல உறுத்துது. உங்களுக்கும் இருந்தா சொல்லுங்க

தேனிக்காரன்_டர்பன்

ரெண்டு வருஷம் ஆச்சு, யார்கிட்டயும் சொல்லலை, வீட்டுக்காரிக்கும் தெரியாது. இங்க தென்னாப்பிரிக்காவுல, டர்பனுக்கு வெளியே ஹில்க்ரெஸ்ட் பக்கம் ஒரு பைக் ஷோரூம், பேர் வேண்டாம். அட்வெஞ்சர் பைக், ஓட்டிப் பாக்கக் குடுக்குற டெமோ வண்டி, 200 கிலோவுக்கு மேல இருக்கும். சேல்ஸ்மேன் நல்ல மனுஷன், லைசென்ஸ் காப்பி எடுத்தாரு, ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினாரு, ஓல்டு மெயின் ரோட்ல கொஞ்ச தூரம் போயிட்டு இருபது நிமிஷத்துல வந்துருங்கன்னாரு. நான் போத்தாஸ் ஹில் வரைக்கும் போயிட்டேன். அங்கேயிருந்து அது ஒண்ணும் தூரமில்லை, ஆனா அவர் சொன்ன இடம் அது இல்லையே. அந்த ரோடு உங்களுக்கே தெரியும், ஆயிரம் மலைப் பள்ளத்தாக்கு ஒரு பக்கம் அப்படியே திறந்து கிடக்கும், ஒரு போட்டோ எடுக்கலாம்னு ஓரமா ஜல்லியில ஒதுக்கினேன், ஹேண்டில் திரும்பி இருக்கும்போதே முன் பிரேக்கைப் பிடிச்சுட்டேன், அவ்வளவுதான், மெதுவா வலது பக்கம் சாய ஆரம்பிச்சுது, கால் ஊனினேன், ஜல்லி வழுக்கிடுச்சு, பிடிக்க முடியலை. ரோட்டுல போன ஒரு சைக்கிள்காரர் இறங்கி வந்து தூக்க உதவி பண்ணாரு.

பிரேக் லிவர் நுனி தேஞ்சிருந்துச்சு, ஹேண்டில்ல கையை மறைக்கிற ஹேண்ட்கார்டுல ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். கர்ச்சீஃபை நனைச்சு மண்ணைத் துடைச்சேன். திரும்பி வரும்போது சொல்லிடணும்னுதான் வந்தேன். அந்த மனுஷன் வாசல்லயே காபியோட நிக்கிறாரு, எப்படி இருந்துச்சு, சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு கேக்குறாரு. நான் அவருக்கும் வண்டிக்கும் நடுவுல, அந்த வலது பக்கத்தை மறைச்ச மாதிரி நின்னுக்கிட்டு காபியைக் குடிச்சேன். முழுசா குடிச்சேன். வீட்ல பேசிட்டு சொல்றேன்னு வந்துட்டேன். விழுந்ததைக் கூட மறந்துருவேன், அந்தக் காபி மறக்க மாட்டேங்குது.

மிட்ராண்ட்_மாமா

தம்பி இதுக்கெல்லாம் ரெண்டு வருஷம் மனசைப் போட்டு உழப்பிக்கலாமா, ஷோரூம்காரனுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, டெமோ வண்டின்னாலே அடிபடும்னு தெரிஞ்சுதானே குடுக்குறான்.

என் கதை சின்னது. ஊர்ல இருபது வருஷம் ஸ்ப்ளெண்டர் தவிர வேற வண்டி தொட்டதில்லை. ஸ்ப்ளெண்டர்ல எல்லா கியரும் முன்னாடி மிதிச்சாத்தான் ஏறும்னு ஓட்டுனவங்களுக்குத் தெரியும். இங்க ஒரு 650 சிசி டெஸ்ட் ரைடு, முன்னாடி சேல்ஸ் பையன் இன்னொரு வண்டியில வழி காட்டிட்டுப் போறான், இந்த ஊர்ல வண்டியோட ஆளையும் கடத்துவாங்கன்னு தனியா விடமாட்டாங்க. மூணாவது கியர்ல நல்லா போயிட்டிருக்கேன், அடுத்த கியர் போடுறதா நினைச்சு கால் பழக்கத்துல முன்னாடி மிதிச்சுட்டேன். ரெண்டுக்கு இறங்கிடுச்சு. பின் சக்கரம் கிறீச்னு ஒரு சத்தம், வண்டி வாலை ஆட்டுச்சு பாருங்க, பின்னாடி ஒரு டாக்சி மினிபஸ் ஹாரனை அமுக்கிட்டே ஒதுங்கிப் போனான். அந்தப் பையன் கண்ணாடியில பாத்துட்டு நிறுத்தி வந்து ஒண்ணுமே கேக்கலை, என் ஷூவைப் பாத்தான், அப்புறம் கைவிரல்ல ஒண்ணு கீழே, மிச்சம் மேலேன்னு காட்டினான். கிளம்புறதுக்கு முன்னாடியே நான் எந்த வண்டி ஓட்டிப் பழகினவன்னு சொல்லியிருக்கணும். வெட்கப்பட்டுட்டு சொல்லலை.

செஞ்சுரிசிட்டி_செல்வி

கேப்டவுன்ல இருந்து எழுதுறேன். இங்க 125 சிசிக்கு மேல ஓட்டணும்னா கோட் ஏ லைசென்ஸ் வேணும், அதை நான் ரெண்டாவது தடவையில பாஸ் பண்ணி வாங்கினேன், என் வீட்டுக்காரருக்கு சைக்கிள் கூட சரியா வராது. போன்ல புக் பண்ணது நான், என் பேர்ல. ஷோரூமுக்குள்ள போனதுல இருந்து சேல்ஸ்மேன் அவர்கிட்டயேதான் பேசுறாரு. எஞ்சின், விலை, சர்வீஸ், எல்லாம் அவர்கிட்ட. லைசென்ஸை நீட்டினது நான், ஃபார்ம்ல கையெழுத்து போட்டது நான், என் ஹெல்மெட் என் கையில, க்ளவுஸ் போட்டாச்சு. வண்டியை வெளியே தள்ளிட்டு வந்து நிறுத்தி சாவியை அவர் கையில குடுத்தாரு.

வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம அதை அப்படியே என்கிட்ட குடுத்தாரு. அந்த ரெண்டு செகண்டு, சாவி ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு வர்ற அந்த நேரம், சேல்ஸ்மேன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் என்கிட்ட, இது கொஞ்சம் கனமான வண்டி மேடம், பார்க்கிங்குள்ளயே ஒரு சுத்து சுத்திப் பாக்குறீங்களான்னு கேட்டாரு. ஓட்டாமலே வந்துட்டேன். நல்ல வண்டி, அன்னைக்கு ஓட்டியிருக்கணுமோன்னு இப்ப தோணுது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 அது.

மிட்ராண்ட்_மாமா

செல்விம்மா, அந்த ஆள் பண்ணது தப்புதான், ஆனா அவன் பயத்துலயும் ஒரு நியாயம் இருக்கு, அந்த வண்டி பெட்ரோலோட 196 கிலோ, சீட்டு 825 மில்லிமீட்டர், மாத்தி வச்சா 845. நீ அஞ்சடி ரெண்டு அங்குலம்னு வச்சுக்கோ, ரெண்டு காலும் முழுசா ஊனாது. அதனால முதல்ல ஷோரூம்லயே சைடு ஸ்டாண்டுல இருந்து நிமிர்த்திப் பாரு, அப்புறம் உக்காந்து ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாரு, பின்னாடி உருட்டிப் பாரு. குதிகால் கனமான பூட்ஸ் போட்டுக்கோ, ஒரு அங்குலம் அதுலயே கிடைக்கும். சிக்னல்ல நிக்கும்போது ஒரு கால் மட்டும் ஊனு, ஒரு பக்கம் லேசா இடுப்பை நகர்த்திக்கோ. சரிவுல எப்பவும் மேட்டுப் பக்கக் காலை ஊனணும். லோ சீட்டு போடலாம், ஆனா சஸ்பென்ஷனை இறக்காதே, இறக்கினா சைடு ஸ்டாண்டு நீளமாயிடும், வண்டி நிமிர்ந்து நின்னு அந்தப் பக்கம் சாயும். இதெல்லாம் தெரிஞ்சு போனா அவனே சாவியை உன் கையில குடுப்பான்.

செஞ்சுரிசிட்டி_செல்வி

மாமா, நான் அஞ்சடி ஏழு அங்குலம். உயரத்தைப் பத்தி நான் எங்கேயும் எழுதலையே. சாவியைப் பத்தித்தான் எழுதினேன்.

வடமராட்சியான்

நானும் கேப்டவுன்தான். தங்கச்சி சொன்னது எனக்கு நல்லா விளங்குது, உயரத்தை விடுங்கோ.

என்ர பிழை வேற மாதிரி. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின், டிசிடி எண்டு தானா மாறுற கியர் உள்ளது, அதில க்ளட்ச்சும் இல்லை, கால் கியரும் இல்லை. முந்தி ஓடினனீங்களோ எண்டு அந்தப் பெடியன் கேட்டவன், ஓம் எல்லாம் தெரியும் எண்டு சொல்லிப்போட்டன். யூடியூபில பார்த்ததுதான். இடது பக்கம் லிவர் மாதிரி ஒண்டு இருந்தது, அது பார்க்கிங் பிரேக். அதை விட்டிட்டு, ஓடுறதுக்கான டி (டிரைவ்) பட்டனையும் அமத்திப்போட்டு, பழக்கதோசத்தில சத்தம் எப்பிடி எண்டு பார்க்க ஆக்சிலேட்டரைத் திருகினன். மோட்டார் சைக்கிள் பாய்ஞ்சிட்டுது. முன்னுக்கு ஷோரூம் கண்ணாடிக் கதவு, அதுக்கு உள்ளுக்க ஒரு சின்னப்பிள்ளை ஐஸ்கிறீமோட நிண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் இடைவெளியில நிண்டது. இறங்கி சாவியைக் குடுத்திட்டு வந்திட்டன், ஓடேல்லை. தெரியாது எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அந்தப் பெடியன் ரெண்டு நிமிசத்தில காட்டித் தந்திருப்பான்.

சில்வர்க்ளென்

வணக்கம், நான் இங்கயே பொறந்தவன், டர்பன் சாட்ஸ்வொர்த். என் தமிழ் ஆயாகிட்ட கத்துக்கிட்டது, தப்பு இருந்தா சொல்லுங்க.

ஈஸ்டர் லீவு, இஸிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு அடுத்த நாள் பைன்டவுன்ல ஒரு டெஸ்ட் ரைடு. அவங்க லைசென்ஸ் கார்டு, பர்ஸ் ரெண்டையும் கவுண்டர்ல வச்சுட்டுப் போன்னு சொன்னாங்க, வச்சேன். போனும் ஜாக்கெட்ல இல்லை, கார்ல. ஒரு திருப்பம் தப்பா எடுத்தேன், என்3 ஹைவே மேல ஏறிட்டேன், மேரியன்ஹில் டோல் வரைக்கும் திரும்ப வழியே இல்லை. கையில ஒரு சென்ட் இல்லை. டோல் பொண்ணு கை நீட்டுறா, பின்னாடி அஞ்சு வண்டி. நான் ஹெல்மெட்டைக் கழட்டி, சாரி சிஸ்டர், இது என் வண்டி இல்லை, காசு இல்லைன்னு சொல்றேன். அப்படிச் சொன்னதும் அவ முகம் மாறிடுச்சு. இது என் வண்டி இல்லை! அவ எதை நினைச்சிருப்பா? நான் அதுக்கப்புறம்தான் யோசிச்சேன். லைசென்ஸும் கையில இல்லை. பின்னாடி பக்கியில, அதாவது பிக்கப் வண்டியில, இருந்த ஒரு வயசான ஜூலு அங்கிள் இறங்கி வந்து, ஒண்ணும் கேக்காம அவர் காசையும் என் காசையும் சேத்து குடுத்தாரு. பேர் கேக்கறதுக்குள்ள போயிட்டாரு. அவருக்கு நான் இன்னும் கடன்.

திரும்பி வந்து சேர ஒரு மணி நேரம் ஆச்சு. ஷோரூம்ல நான் வண்டியோட ஓடிட்டேன்னு பயந்துட்டு இருந்தாங்க. லைசென்ஸ் கார்டு ஓட்டுறவன்கிட்ட இருக்கணும்னு இங்க சட்டம். காப்பி எடுத்துக்கோ, கார்டைக் குடுன்னு நான் கேட்டிருக்கணும். பெரிய மனுஷங்க வேலை பாக்குற எடம், அவங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்.

மிட்ராண்ட் மாமாவுக்கு ஒண்ணு. இன்சூரன்ஸ் இருக்குன்னு நீங்க லேசா சொல்லிட்டீங்க, தேனி அண்ணனுக்கு அது பதில் இல்லைன்னு எனக்குத் தோணுது.

ஸ்பானர்

மாமா, நானும் அதையேதான் சொல்ல வந்தேன். நான் ஷோரூமுக்குப் பின்னாடி ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்குறவன், எந்த ஊர்னு சொல்ல மாட்டேன். இன்சூரன்ஸ்னா எக்ஸஸ்னு ஒண்ணு இருக்கு, அந்தத் தொகை வரைக்கும் நம்ம கைக்காசு, அதுக்கு மேல போனாத்தான் கம்பெனி குடுக்கும். ஒரு லிவர், ஒரு ஹேண்ட்கார்டுக்கு எவன் க்ளெய்ம் போடுவான்? அது யாரோ ஒருத்தர் தலையிலதான் விடியும்.

காசை விடுங்க. பிரேக் லிவர் நுனி உருண்டைக்குப் பக்கத்துல நிறைய வண்டிகள்ல ஒரு சின்ன வெட்டு இருக்கும், பாத்திருக்கீங்களா? விழுந்தா அந்த இடத்துல மட்டும் ஒடிஞ்சு, மிச்சம் விரலுக்கு இருக்கட்டும்னு வச்சது. ஒடிஞ்சா நல்லது, கண்ணுக்குத் தெரியும். ஒடியாம நுனி மட்டும் தேஞ்சு வந்தா அடி எங்க இறங்கியிருக்குன்னு தெரியாது. எங்ககிட்ட ஒரு டெமோ அப்படி வந்துச்சு, யாரும் ஒண்ணும் சொல்லலை, ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் பொண்டாட்டியைப் பின்னாடி உக்கார வச்சு ஓட்டிப் பாக்கணும்னு வந்திருந்தாரு, குடுக்குறதுக்கு முன்னாடி நான் சும்மா ஒரு தடவை பிரேக்கை அமுக்கிப் பாத்தேன், லிவர் அடியோட என் கையில வந்துடுச்சு. போல்ட் ஓட்டையைச் சுத்தி முடி மாதிரி ஒரு விரிசல், உள்ளே பாதி தூரம் பழைய உடைவு, கறுத்துப் போயிருந்துச்சு. அந்த லிவரை இன்னும் டூல்பாக்ஸ்ல வச்சிருக்கேன்.

நேரம் தாண்டிப் போறது, பெட்ரோலை வத்த வச்சுட்டு வர்றது, வாங்குற எண்ணமே இல்லாம சனிக்கிழமை காலையில வந்து நாலு வண்டி ஓட்டுறது, இதெல்லாம் எங்களுக்குக் கோபம் வரும், வந்து போயிடும். விழுந்ததை மட்டும் சொல்லிடுங்கய்யா. புது டயர் போட்ட டெமோன்னா முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டர் வழுக்கும், விழறது யாருக்கும் நடக்கும், நாங்க திட்ட மாட்டோம்.

தேனி அண்ணே, சேல்ஸ்மேன் வண்டியைப் பாக்க மாட்டாரு, கஸ்டமர் முகத்தைத்தான் பாப்பாரு. சாயங்காலம் கழுவும்போதுதான் கீறல் கண்ணுல படும். நேரா போய்ச் சொல்லுங்க, வேணும்னா காசும் குடுங்க.

மிட்ராண்ட்_மாமா

ஸ்பானர் சொல்ற விரிசல் விஷயம் எனக்குத் தோணலை. இன்சூரன்ஸ்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்குறேன். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சுப் போய்ச் சொன்னா அவன் போலீஸ் கேஸ்னு ஏதாவது ஆரம்பிச்சா? ஃபார்ம்ல கையெழுத்து போட்டிருக்காரே. போறதா இருந்தா தனியா போகாதீங்க.

தேனிக்காரன்_டர்பன்

போயிட்டு வந்துட்டேன். தனியாத்தான் போனேன்.

அதே சேல்ஸ்மேன் இருக்காரு, கொஞ்சம் நரைச்சிருக்கு. வண்டி வித்து ரொம்ப நாளாச்சாம், லிவர், ஹேண்ட்கார்டு ரெண்டும் மாத்தித்தான் குடுத்திருக்காங்க, அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்துச்சு. நான்தான் போட்டேன்னு சொன்னேன், காசை எடுத்து மேஜையில வச்சேன். அவர் காசைத் தொடலை. கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, அன்னைக்கு சாயங்காலம் வண்டி கழுவற பையன்தான் வந்து இந்தக் கீறலைக் காட்டினான், அவன்தான் தள்ளும்போது போட்டுட்டு மறைக்கிறான்னு நாங்க நினைச்சோம், மேனேஜர் எல்லார் முன்னாடியும் அவனைத் திட்டினாரு, அடுத்த மாசம் அவன் வேலைக்கு வரலைன்னு.

காபி வேணுமான்னு கேட்டாரு. வேண்டாம்னுட்டேன். அந்தப் பையன் பேர் என்ன, எந்தப் பக்கம் வீடுன்னு கேட்டேன். யோசிச்சுப் பாத்தாரு, உள்ளே போய் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுட்டு வந்தாரு. யாருக்கும் ஞாபகம் வரலை.